அள்ளை ஏறி இறங்கும் கணக்கு

கஜா புயல் அடித்த இரவில் எங்கள் வீட்டில் ஒரு உயிரும் போகவில்லை. செவலை செத்தது பன்னிரண்டு நாள் கழித்து. அதனால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மாடு புயலில் செத்ததா, நோயில் செத்ததா என்று கேட்டார்கள். நோயில்தான் என்றேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தலைஞாயிறுக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே, காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் பல வருஷம் எங்கள் வாய்க்காலுக்குச் செய்தியாக மட்டும் வந்து சேரும். ஒன்றரை ஏக்கர் சம்பா, வீட்டைச் சுற்றி 32 தென்னை, இரண்டு மாடு, ஒரு கன்று. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் நானும், மாமாவும், ஏழாவது படித்துக்கொண்டிருந்த பையனும். மாமா என்றால் வீட்டுக்காரரின் அப்பா.

செவலை ஜெர்சிக் கலப்பு. இரண்டு வேளையும் சேர்த்து 9 லிட்டர் கறக்கும். இன்னொன்று உம்பளச்சேரி, பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய எங்கள் பகுதி மாடு. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதனால் பொட்டுக்காரி. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பலாக மாறும். தெரியாதவர்கள் பார்த்தால் கன்றை மாற்றிக் கட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். பொட்டுக்காரி 2 லிட்டர் கொடுத்தால் பெரிது. மளிகைப் பாக்கி, பையனின் நோட்டுப் புத்தகம், மாமாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் செவலையின் மடியிலிருந்து வந்தவை.

2018 நவம்பர் 15 சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எச்சரித்துப் போனார்கள். மாமா கொட்டகைக்குப் போய் மூன்றையும் அவிழ்த்து விட்டார். "கட்டிக் கெடக்குற மாடு கூரையோட சேந்து சாவும் தாயி. அவுத்து உட்டா அதுக்கு மேடு எதுன்னு தெரியும்" என்றார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம்.

காற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத ஒன்றுமில்லை. நள்ளிரவுக்கு மேல் ஒரு பக்கமிருந்து அடித்தது, கொஞ்சம் ஓய்ந்தது, பிறகு எதிர்ப் பக்கமிருந்து அடித்தது. விடிந்து வந்து பார்த்தபோது 32 தென்னையில் 5 நின்றன. கொட்டகை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. மாடுகள் மூன்றும் வாய்க்கால் கரையில், முதுகைக் காற்றுக்குக் காட்டி, தலையைக் கீழே போட்டு நின்றன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தென்னைக்குக்கூட அப்போது அழவில்லை. கோடியக்கரைக் காட்டு மான்கள் செத்துக் காரைக்கால் கடற்கரை வரை ஒதுங்கிய படத்தைப் பிறகு பேப்பரில் பார்த்தேன். நம்முடையவை பிழைத்துவிட்டன என்ற நினைப்பு அதற்கு முன்பே எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்த நினைப்புதான் என்னை ஏமாற்றியது.

பிழைத்த மாட்டை வைக்க இடமில்லை. வைக்கோல் போர் சரிந்து நனைந்து, நான்காம் நாளே உள்ளே கை வைத்தால் சுட்டது. உதறினால் பூஞ்சணம் புகை மாதிரிக் கிளம்பும். மேலாக இருந்ததை உதறிப் போட்டேன். வேறு என்ன செய்வது? பால் சொசைட்டி நடக்கவில்லை. கரண்ட் இல்லை, கறந்த பாலைத் தெருவில் குழந்தை உள்ள வீடுகளுக்கு ஊற்றினேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நிவாரண வண்டிகள் பெரிய ரோட்டில் நின்றுவிடும். உள்ளே இருக்கிற எங்கள் தெருவுக்கு மெழுகுவத்தியும் பாயும் வந்து சேர மூன்று நாள் ஆனது. அதோடு இரண்டு தார்பாய் கிடைத்தன. ஒன்றை வீட்டுக் கூரைக்குப் போட்டோம். மற்றதை மாட்டுக்கு.

அந்தத் தார்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுந்த தென்னையையே கால்களாக நட்டு, நாலு பக்கமும் கீழ்வரை இழுத்துக் கட்டி, ஓரத்தில் மண் அணைத்தோம். ஒரு சொட்டுச் சாரல் உள்ளே வராது. ஈயும் கொசுவும் மொய்த்ததால் வாசலில் வேப்பிலை மூட்டமும் போட்டேன். செவலை குளிரில் நடுங்கியிருந்தது. உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் நுழைந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும், தார்பாயின் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டும். அது மாடு விட்ட மூச்சுதான், மேலே போக வழியில்லாமல் திரும்பி அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. என் கண்ணே எரிந்த இடத்தில் மாட்டின் மார்பு என்ன பாடு படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொட்டுக்காரி உள்ளே வர மறுத்தது. இழுத்தோம், அடிகூடக் கொடுத்தேன். கயிற்றை அறுத்துக்கொண்டு கன்றோடு போய்க் கரையில் நின்றது. கடைசி வரை மழையில்தான் நின்றது. அதற்கு ஒரு செருமல்கூட வரவில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் உடனே, நாட்டு மாடு அப்படித்தான், கலப்பின மாடு தாங்காது என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான்: நான் கட்டிய கூடாரத்துக்குள் இருந்த மாடு இருமியது, வெளியே நின்ற மாடு இருமவில்லை.

21ஆம் தேதி செவலை இருமத் தொடங்கியது. வறட்டு இருமல். மூக்கில் தண்ணீராக ஒழுக்கு. மறுநாள் காது சூடாக இருந்தது. தவிட்டுத் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் 9 லிட்டரிலிருந்து 3 லிட்டருக்கு இறங்கியது. மாட்டாஸ்பத்திரி 7 கிலோமீட்டர்; ரோட்டில் இன்னும் மரம். போனில் சார்ஜ் இல்லை, இருந்தவர்களுக்கு டவர் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தொண்டை அடைப்பானா இருக்கப் போவுதுக்கா" என்றார். மழைக்காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கை கால் ஓடாது.

மாமா வைத்தியம் தெரிந்தவர். சும்மா சொல்லவில்லை, சுற்று வட்டாரத்தில் வயிறு ஊதின மாடு, நஞ்சுக்கொடி விழாத மாடு எல்லாம் அவரிடம் வந்திருக்கின்றன. அன்று சாயங்காலம் அவர் ஆடாதோடை, தூதுவளை, துளசி மூன்றையும் இடித்து, சுக்கு மிளகோடு கொதிக்க வைத்து, கருப்பட்டி கரைத்து, மேலே ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய் விட்டார். மருந்து புகட்டுவதற்கென்று அவரிடம் ஒரு மூங்கில் குழாய் உண்டு. அவருடைய அப்பா காலத்தது, நுனி சாய்வாகச் சீவியிருக்கும். பையன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை மேலே தூக்கினான். நான் செவலையின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தேன். அப்படித்தான் எப்போதும் பிடிப்பேன். மாமா குழாயைக் கடைவாயில் செருகிச் சாய்த்தார்.

முதல் குழாய் போனது. இரண்டாவதில் அதற்கு இருமல் வந்தது. நாக்கு என் கைக்குள் துள்ளியது. நான் விடவில்லை. விட்டால் மருந்து வெளியே கொட்டிவிடுமே என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். செவலைக்குப் புரையேறியது, மூக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் வந்தது. கண் பிதுங்கியது. மாமா, "போதும், போதும், உட்டுடு" என்றார். விட்டேன். தலையை உதறிக்கொண்டு அது வெகுநேரம் இருமிக்கொண்டே இருந்தது. "சளி பேந்துட்டு வருது, நல்லதுதான்" என்றார் மாமா. நானும் நம்பினேன்.

23ஆம் தேதி திருக்கார்த்திகை. ஊரில் கரண்ட் இல்லாததால் வேறு எந்த வருஷமும் தெரியாத அளவுக்கு அகல் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. விழுந்து கிடந்த தென்னைகள் மேலும் ஒன்றிரண்டு விளக்கு வைத்தோம். செவலை அன்று இரண்டு வாய் பச்சைப்புல் கடித்தது. மருந்து வேலை செய்கிறது என்றோம்.

25ஆம் தேதி மருத்துவ முகாம் எங்கள் தெரு வரை வந்தது. இளவயது டாக்டர். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்: 105. மாட்டுக்கு 101, 102 வரை இருக்கலாம். கழுத்தடியைத் தடவினார். "வீக்கம் இல்லை. அடைப்பானா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல முடிச்சிருக்கும்மா. இது நுரையீரல்" என்றார். தார்பாய்க்குள் தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்துக்கொண்டார். "மொதல்ல இதப் பிரிங்க. மேல மட்டும் இருக்கட்டும்." பிறகு மாட்டின் மார்பில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வலது பக்கம், முன்னங்கால் முட்டிக்கு மேலே, அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் வைத்தார். நிமிராமலே கேட்டார்:

"வாய்வழியா ஏதாவது ஊத்துனீங்களா?"

மாமா பக்கத்தில்தான் நின்றார். "கஷாயம் குடுத்தோம் டாக்டர்" என்றேன்.

"யாரு ஊத்துனது?"

"நான்தான்."

மாமா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஊசிகளைப் போட்டுவிட்டு, போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாக்கு உள்ளே இருந்தால்தான் மாடு விழுங்கும். இழுத்துப் பிடித்தால் விழுங்காது. தலையைத் தூக்கினால் மூச்சுக்குழாய்க்கு வழி நேராகிவிடும். அதிலும் ஏற்கெனவே மூச்சு வாங்குகிற மாடு, ஊற்றுவது உணவுக்குழாய்க்குப் போகும் வரை மூச்சை நிறுத்தி வைக்காது, இழுத்துவிடும். தண்ணீர் போனால்கூட ஓரளவு தப்பிக்கலாம். எண்ணெய் போனால் வெளியே வராது. மாட்டுக்கு உடம்பு பெரிது, அந்த உடம்புக்கு நுரையீரல் சின்னது. கொஞ்சம் கெட்டாலும் ஈடுகட்ட மிச்சம் இருக்காது என்றார். பிறகு, அள்ளையைப் பார்த்து மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுத்தார். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிஷத்துக்கு 20, 30 என்றால் பயமில்லை. "எண்ணி எழுதி வைங்கம்மா. காச்சல் எறங்குறதுக்கு முன்னாடி மூச்சு சொல்லிரும்."

அன்று சாயங்காலம் பையனின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். 64.

26 காலை 56. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். இரவு 68. அது படுக்கவே இல்லை. மாடு படுக்காமல் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முன்னங்கால் இரண்டையும் வெளியே அகட்டி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடாமல் நிற்கும். படுத்தால் மார்பு அமுங்கி மூச்சு வராது, அதற்குத் தெரியும். ஒவ்வொரு மூச்சை விடும்போதும் ஒரு முக்கல். மெழுகுவத்தியை அணைத்த பிறகும் அந்தச் சத்தத்தை வைத்து எண்ணினேன். எண்ணிக்கொண்டே தூங்கி, விழித்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். நான் எண்ணுவதை நிறுத்தினால் அது மூச்சை நிறுத்திவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

27ஆம் தேதி நாற்றம் வந்தது. முகத்தருகே போனால் அழுகின கறியின் வாடை. புண் எதுவும் வெளியே இல்லை. மூச்சோடு உள்ளேயிருந்து வந்தது. ஊசி போட வந்த கால்நடை இன்ஸ்பெக்டர் மோந்துவிட்டு, பேசாமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். அன்று 84. மறுநாள் வாயைத் திறந்து மூச்சு விட்டது. எண்ணவில்லை. இரவு எட்டு மணி இருக்கும், நின்றது நின்றபடி பின்னங்கால் மடிந்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தது.

29 காலை முகாம் டாக்டரே வந்து அறுத்துப் பார்த்தார். மாமா வாய்க்கால் பக்கம் போய்விட்டார். நான் நின்றேன். நல்ல நுரையீரல் ரோஸ் நிறத்தில் பஞ்சு போல இருக்கும் என்று ஒரு துண்டைக் காட்டினார். மேலே, பின்பக்கம் அப்படி இருந்தது. முன்பக்கம், கீழே, வலது பக்கம் கல்லீரல் மாதிரிக் கெட்டியாக, கறுத்து இருந்தது. கத்தியால் கீறி அமுக்கினார். சீழோடு பச்சைத் துகள்கள் வந்தன. மேலே எண்ணெய்ப் பளபளப்பு மிதந்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. தாளில் நுரையீரல் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது மாமா கேட்டார்: "அறுத்தப்ப எண்ணெ வாடை அடிச்சுதா?"

"இல்ல மாமா. குளிர்ல சளி கட்டிக்கிச்சாம்."

"ம்" என்றார். சோற்றில் தண்ணீரை ஊற்றி எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் மாடு கொண்டு வந்தாலும், "கண்ணு தெரியல, ஆஸ்பத்திரிக்கி ஓட்டிட்டுப் போ" என்றே சொல்லி அனுப்பினார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். 2021இல் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அதைப் பேசிக்கொள்ளவே இல்லை.

கணக்கெடுப்பு நடந்தது. தென்னை மரம் ஒன்றுக்கு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எங்களுக்கு அது வந்தது. பசுமாட்டுக்கு 30,000. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்தில் நின்றேன். தேதியைப் பார்த்தார்கள். 16ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் நடுவில் உள்ள நாட்களைப் புயல் என்று எழுத அங்கே கட்டம் இல்லை. நான் சண்டை போடவில்லை. கொட்டகை போகாவிட்டால் தார்பாய் இல்லை, தார்பாய் இல்லாவிட்டால் இருமல் இல்லை, ரோட்டில் மரம் விழாவிட்டால் டாக்டர் வந்திருப்பார், டாக்டர் வந்திருந்தால் குழாய் இல்லை என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். அந்த வரிசையின் கடைசியில் நாக்கைப் பிடித்திருந்தது என் கை. அதனால் வாய் வரவில்லை. இப்போது யோசித்தால் சொல்லியிருக்க வேண்டும் என்றே படுகிறது. என் தப்பு வேறு, அவர்கள் கணக்கு வேறு.

போனில் மாட்டு இருமலுக்கு மருந்து என்று வீடியோக்கள் வருகின்றன. நல்லெண்ணெய், பூண்டு, வெற்றிலை. தலையைத் தூக்கிப் பிடித்துப் பாட்டிலோடு வாயில் கவிழ்க்கிறார்கள். கீழே ஆயிரம் பேர் கும்பிட்டிருக்கிறார்கள். மூலிகையைப் பழிக்க நான் இல்லை. மாமாவின் கைமருந்தில் பிழைத்த மாடுகளை எண்ணினால் ஒரு மந்தை தேறும். அந்தப் பாட்டிலைக் கவிழ்க்கிற கையைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது கொட்டகை ஹாலோபிளாக்கில், மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறது. சாரல் கொஞ்சம் அடிக்கும், அடிக்கட்டும். பொட்டுக்காரி கிழடாகிவிட்டது; அதன் மகள் கறக்கிறது. இன்னொரு ஜெர்சிக் கலப்பும் போன வருஷம் வாங்கினோம். மழைக்கு முன்னால் தொண்டை அடைப்பான் தடுப்பூசியைத் தவறவிடுவதில்லை. கஷாயம் வைத்தால் தவிட்டோடு பிசைந்து முன்னால் வைப்பேன். தின்றால் தின்னட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

மாடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே, மாடு நன்றாக இருக்கும்போதே, அது நிழலில் படுத்து அசைபோடுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அள்ளையைப் பாருங்கள். எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணித் தூணில் எழுதி வையுங்கள். எங்கள் தூணில் 26 என்று இருக்கிறது.